இதிலை இருக்கலாமோ?

சல்லிக் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி அந்த அக்கா கேட்டார்:

"ஐயா, இதிலை இருக்கலாமோ?"

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா காட்டிய இடத்தில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. அதற்கு அங்காலும் மணல்தான். தூரத்தில் கரையேற்றிய வள்ளங்கள், ஓலைப்பாயில் காயும் மீன், சாய்த்துவிட்ட இரண்டு சைக்கிள்கள்.

"இருங்கோவன் பிள்ளை. நான் என்ன, மணலை வாடகைக்கோ விட்டிருக்கிறன்?"

"இல்லை, உங்கடை வலை கிடக்கு. அதுதான் கேட்டனான்."

"வலை அங்கால கிடக்கு. நீங்கள் இஞ்சால இருங்கோ."

அப்படியும் அவர் உடனே இருக்கவில்லை. "அப்ப இருக்கிறன், என்ன?" என்று இன்னொரு முறை கேட்டு, பெரியவர் தலையாட்டிய பிறகுதான் சேலையை ஒதுக்கிக்கொண்டு மணலில் இருந்தார். அதுவும் நன்றாகச் சாய்ந்தல்ல. யாராவது கூப்பிட்டால் உடனே எழும்பக்கூடிய மாதிரி, குதிக்கால்களில் பாரத்தை வைத்துக்கொண்டு.

நாங்கள் வெளிக்கிடும்போது பெரியவர் ஒரு பையில் இரண்டு பிடி கருவாடு போட்டுக் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிவிட்டு, "கொண்டுபோகலாமோ?" என்று கேட்டார். கிழவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஸ்கூட்டியைத் திருப்பும்போது கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்.

"இவவுக்கு ஆர் என்ன செய்தது?"



அக்கா எனக்குச் சொந்தமில்லை. திருகோணமலை ரவுனுக்குள் ஒரு பார்மசியில் நான் மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலை செய்கிறேன். அப்போதும் அதே வேலைதான். எங்கள் ஒழுங்கையில், எங்கள் மதிலுக்குப் பக்கத்து வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அவர் வந்தார். குவைத்தில் பதினேழு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். வந்த முதல் கிழமை, மதிலுக்கு அங்கால் நின்று என் அம்மாவிடம், "உங்கடை முருங்கை எங்கடை பக்கம் சாய்ஞ்சு கிடக்கு. அதின்ரை நிழலிலை உடுப்புக் காயப்போடலாமோ?" என்று கேட்டாராம். அம்மா அதை ஒரு பகிடியாக எனக்குச் சொன்னார். நிழலில் உடுப்புக் காயாது என்பது பகிடியின் ஒரு பாதி. நிழலுக்கும் அனுமதி கேட்ட மனுசி என்பது மற்றப் பாதி.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். தர்சி என்று பெயர். தர்சிக்கு இரண்டு வயதானபோது, சண்டையில் செல் குண்டு விழுந்து கணவர் இறந்த அடுத்த வருடம், பிள்ளையைத் தன் தங்கச்சியிடம் விட்டுவிட்டு அக்கா குவைத்துக்குப் போனார். தங்கச்சிக்கும் இரண்டு பிள்ளைகள். மூன்றும் ஒன்றாக வளர்ந்தன. அந்தப் பிள்ளைகள் இரண்டும் அக்காவைப் பெரியம்மா என்று சொல்ல, தர்சியும் பெரியம்மா என்றாள். வளர்த்தவளை அம்மா என்றாள். ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தானாக அப்படி வந்துவிட்டது. அக்கா திரும்பி வந்த அன்று, வாசலில் நின்ற பத்தொன்பது வயதுப் பிள்ளை, "வாங்கோ பெரியம்மா, பயணம் எல்லாம் சுகமோ?" என்று கேட்டாளாம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது குறையாகச் சொல்லவில்லை. "நல்ல மரியாதையான பிள்ளை" என்றுதான் சொன்னார்.

தங்கச்சியின் வீடு அவர் அனுப்பிய காசில் எழும்பிய வீடு. ஆனால் அறைகள் ஆட்களுக்குக் கணக்காக நிரம்பியிருந்தன. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. "நான் ஒரு அறை எடுத்துத் தனிய இருக்கலாமோ?" என்று அவராகத்தான் கேட்டிருக்கிறார்.

கடற்கரை ஆசை எப்படி வந்ததென்று ஒருநாள் சொன்னார். குவைத்தில் கடைசியாக வேலை செய்த வீடு ஆறாம் மாடியில் இருந்தது. குசினி யன்னலால் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் கடல் தெரியும்.

"எவ்வளவு தெரியும்?"

அவர் சுண்டுவிரலைக் காட்டினார். "இவ்வளவுதான். சட்டி கழுவேக்கை பாப்பன். ஒருக்கா வீட்டுக்கார மடத்திட்டைக் கேட்டனான், கடலைப் போய்ப் பாத்திட்டு வரலாமோ எண்டு. நாளைக்கு எண்டா. நல்ல மனுசிதான். நாளைக்கு நாளைக்கு எண்டு ஒன்பது வருசம் போட்டுது. பத்து நிமிசம் நடந்தால் கடலாம் பிள்ளை. டிரைவர் சொன்னவன்."

அதனால் ஊருக்கு வந்ததும் எங்கள் பகுதியில் உள்ள எல்லாக் கரைகளையும் பார்ப்பதென்று முடிவெடுத்திருந்தார். எனக்கு ஞாயிறு பின்னேரம் லீவு. ஸ்கூட்டி இருந்தது. கலியாணம் ஆகாதவள், போக வேறு இடமும் இல்லாதவள். "உங்களுக்குக் கரைச்சல் இல்லாட்டி, பின்னாலை ஏறலாமோ?" என்று கேட்டார். அப்படித் தொடங்கியது.

முதல் போனது டச் பே. கச்சான் கடலை விற்பவர்கள், பட்டம் விடும் பிள்ளைகள், ஆட்களுக்கு நடுவே ஒன்றுக்கும் பயப்படாமல் நிற்கும் மான்கள். அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் போனார். குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கறிக்கு உப்புப் பார்ப்பது போல, கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"உப்புக் காணும்" என்றார்.

பிறகு போன ஒவ்வொரு கரையிலும் அதைச் செய்தார். நிலாவெளியில், "இஞ்சை கொஞ்சம் கூடிப்போச்சு." உட்துறைமுகப் பக்கம், "எண்ணெய் மணக்குது, வைக்கேலாது." சாம்பல்தீவுப் பாலத்தடியில், "இது கஞ்சிக்குச் சரி." அந்த நேரங்களில் மட்டும் அவருடைய முகத்தில் ஒரு வீட்டுக்காரியின் அதிகாரம் வந்து போகும். எனக்கு அதைப் பார்க்கவே விருப்பம். அம்மா தந்துவிடும் தேத்தண்ணிப் போத்தலை நான் திறப்பதற்குள் அது போய்விடும். "எனக்கும் கொஞ்சம் தரலாமோ?" என்று கேட்பார். அவருக்கென்று இன்னொரு கோப்பை கொண்டுவந்திருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

உப்புவெளியில் நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஹோட்டல்களுக்கு முன்னால் வெள்ளைக்காரர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் தண்ணீரோரமாக நடந்து போனோம். ஒரு பெண் குளித்துவிட்டு வந்து ஈரத் துவாயைக் கதிரையில் எறிந்தாள். அது நழுவி மணலில் விழுந்தது. நான் கடலைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே நடந்தேன். திரும்பினால் பக்கத்தில் அக்கா இல்லை. பின்னால், அந்தத் துவாயை எடுத்து உதறி, நான்காக மடித்து, மூலைகளைச் சரிபார்த்துக் கதிரையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நல்லவள். சிரித்து நன்றி சொன்னாள். அக்கா தலையைக் குனிந்து, "எஸ் மடம்" என்றார்.

"என்ன அக்கா இது? ஏன் உங்களுக்கு?"

"கை பழகிப்போச்சு பிள்ளை. நான் செய்யேல்லை, கை செய்தது." சிறிது தூரம் நடந்த பிறகு, "கோவிச்சுட்டியளோ?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லும் வரை நாலைந்து தரம் கேட்டார்.

சீனன்குடாவில் உள்ள மாபிள் பீச்சுக்கு உள்ளே போவதற்கு வாசலில் காவலாளியிடம் கேட்க வேண்டும். அது விமானப்படையின் பொறுப்பில் உள்ள இடம். அப்படியான வாசல்களில் நான் இன்றும் மற்றவர்களுக்குப் பின்னால்தான் நிற்பேன். அக்காவோ அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். தெரிந்த சிங்களத்தில், உள்ளே போகலாமா, எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும், எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்றெல்லாம் விபரமாகக் கேட்டார். அந்தப் பொடியனும் பொறுமையாகச் சொன்னான். உள்ளே போனதும் அக்கா, நான் கண்டிராத மாதிரி, காலை நீட்டி மணலில் சாய்ந்து இருந்தார். பச்சையாகத் தெளிந்த தண்ணீர். ஆறு மணி வரை இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு மணி வரை நிம்மதியாக இருந்தார்.

"இதுதான் எல்லாத்திலும் திறம்" என்றார். "கேக்கிறதுக்கு ஆள் இருக்கு."

அவர் பிறந்து வளர்ந்து கலியாணம் முடித்த இடம் கட்டைபறிச்சான். கொட்டியாரக் குடாவுக்கு அங்கால் மூதூர்ப் பக்கம். அங்கே கூட்டிப்போகட்டா என்று நான் பல தடவை கேட்டும், "பிறகு பாப்பம்" என்றே சொல்லிவந்தார். கடைசியில் ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் மூதூருக்கு லோஞ்சுப் படகில் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்தோம். அவருடைய வளவில் வேலியும் இல்லை, படலையும் இல்லை. ஒரு கிணறு, இரண்டு தென்னை, மார்பளவு உயரத்துக்கு நாயுருவியும் பற்றையும். வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் வெடித்துக் கிடந்தது. ஒழுங்கையிலிருந்து உள்ளே கால் வைக்கும் இடத்தில் அக்கா நின்றார். கைகளை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார்.

"வரலாமோ?" என்று பலமாகக் கேட்டார்.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. காதைச் சரித்துக்கொண்டு நின்றார். கிணற்றடியில் ஒரு ஓணான் ஓடியது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"உங்கடை காணிதானே அக்கா. உள்ளுக்கு வாங்கோ" என்று நான் கையைப் பிடித்தேன்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வருகிற வழியில் குடாக்கரையில் இறங்கித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். அங்கே மகாவலி ஆறு வந்து விழுகிறது. "உப்புக் காணாது" என்றார். "அப்பவும் காணாதுதான்." 

தர்சியைத் தன்னோடு ஒருமுறையாவது கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் அவருடைய பெரிய ஆசை. இரண்டு வருடம் கேட்டார். தர்சிக்குக் கொம்பியூட்டர் வகுப்பு, சிநேகிதி வீடு, தலையிடி. கடைசியில் ஒரு ஞாயிறு வந்தாள். எனக்காக வந்தாளா, நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகில் போகலாம் என்பதற்காக வந்தாளா தெரியாது. அக்கா விடிய எழும்பிக் கட்லட் பொரித்து, மீன் சம்பல் போட்டு, மூன்று பேருக்கும் துவாய் எடுத்துவைத்திருந்தார்.

புறாமலை ஒரு சின்னத் தீவு. அதற்கு இரண்டு கரைகள். ஊரைப் பார்த்த பக்கம் வெள்ளை மணல். எல்லோரும் அங்கேதான் குளிப்பார்கள். நடுவில் ஒரு கற்பாறை மேடு. அதைக் கடந்து மற்றப் பக்கம் இறங்கினால் மணல் இல்லை. செத்த பவளக் கற்கள் எலும்பு மாதிரிக் குவிந்து கிடக்கும். வெறுங்காலோடு நடக்க ஏலாது.

தர்சி குளித்துவிட்டு வந்து மணலில் இருந்தாள். நீளமான தலைமயிர் சிக்குப்பட்டுக் கிடந்தது. அக்கா பின்னால் போய் நின்றார்.

"தலை பின்னிவிடட்டோ?"

"வேண்டாம் பெரியம்மா."

"நோகாமல் பின்னுவன். ஒருக்கா. பின்னலாமோ?"

"ஏன் பெரியம்மா எல்லாத்துக்கும் கேட்டுக்கேட்டு நிக்கிறியள்?" தர்சி சட்டென்று திரும்பினாள். "நீங்கள் கேட்டால் எனக்கு வேண்டாம் எண்டுதான் வாயிலை வருது. அம்மா கேக்கிறேல்லை. இழுத்து இருத்திப்போட்டுப் பின்னுவா."

அக்கா நீட்டியிருந்த கையை எடுத்துக்கொண்டார். தர்சி அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் சொல்லிவிட்டாள்.

"போகேக்கை மட்டும் கேக்கேல்லைத்தானே."

"நீ நித்திரை" என்றார் அக்கா.

"எழும்பினாப்பிறகு எத்தினை நாள் உங்களைக் கேட்டு அழுதனானெண்டு அம்மா சொல்லுவா. எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா சொல்லுவா."

அக்கா திரும்பி நடந்தார். பாறை மேட்டில் ஏறி மற்றப் பக்கம் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். அந்தப் பவளக் கற்களின் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் காற்று அதிகம். சேலை அடித்துக்கொண்டிருந்தது. அழவில்லை.

"எழுப்பியிருந்தால் நான் போயிருக்கமாட்டன் பிள்ளை" என்றார். "அதுதான் எழுப்பேல்லை."

பாறையின் மேலே தர்சி வந்து நின்றதை நான் அதற்குப் பிறகுதான் கண்டேன். அவளுக்கு அது கேட்டதோ, காற்று கொண்டுபோய்விட்டதோ தெரியாது. மெதுவாக இறங்கி வந்தாள். கையில் அக்காவின் செருப்பு இருந்தது. குனிந்து அதைக் கால்களுக்கு முன்னால் வைத்தாள்.

"காலைக் கிழிக்கும். போடுங்கோ பெரியம்மா."

திரும்பிப் போகும்போது படகில் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தார்கள். கட்லட்டைத் தர்சிதான் முடித்தாள். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அக்காவுக்கும் வந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு தர்சி கடலுக்கு வரவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை. கேட்காமல் கூப்பிடுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் வேண்டாம் என்று வரும் என்று பயம்.

அடுத்த வருடம் தர்சிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை மட்டக்களப்பு. கலியாணக் கார்டைத் தங்கச்சியே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா கண்ணாடி இல்லாமல் வாசிக்கமாட்டார். என்னை வாசிக்கச் சொன்னார். பெண்ணின் பெற்றோர் என்ற இடத்தில் தங்கச்சியினதும் கணவரினதும் பெயர். நான் அந்த வரியில் தடுக்கினேன். தங்கச்சி அழத் தொடங்கினார்.

"நான் வேணுமெண்டு போடேல்லை அக்கா. அவளின்ரை பள்ளிக்கூடத்து, வகுப்புப் பேப்பர் எல்லாம் எங்கடை பேரிலைதான் கிடக்கு. மாப்பிள்ளை ஆக்களுக்கும் அப்பிடித்தான் சொல்லுப்பட்டுப் போச்சு. இப்ப போய் மாத்தினால் ஆயிரம் கதை வரும். அவளுக்கு அம்மை போட்டு இருபது நாள், மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம், நான்தானக்கா முழிச்சனான்."

அந்த மனுசியிலும் எனக்குக் கோபப்பட முடியவில்லை.

"நீதானே வளத்தனீ. சரிதான்" என்றார் அக்கா. தங்கச்சியின் கண்ணைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். பிறகு கேட்டார். "தாலி கட்டேக்கை நான் கிட்ட நிண்டு பாக்கலாமோ?"

தங்கச்சி நிலத்தைப் பார்த்தார். கணவர் இல்லாத மனுசி மேடையில் நிற்பதை மாப்பிள்ளை பக்கம் விரும்பமாட்டார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். "முன்னுக்கு இருங்கோ அக்கா. முதல் வரிசையிலை. நான் கதிரை பிடிச்சு வைக்கிறன்" என்றார்.

பிடித்தும் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் மாமி ஒருவர் வந்து நின்றதும் அக்கா எழும்பிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில், நாலாம் வரிசையில் வந்து இருந்தார். தாலி கட்டியதை ஆட்களின் முதுகுகளுக்கு நடுவால் பார்த்தோம். பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராக ஏறி அறுகரிசி போட்டு வாழ்த்தத் தொடங்கினார்கள். அக்காவும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டார். வரிசை முடியும்போது படம் எடுப்பவர்கள் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியால் இறங்கிய பிறகுதான் கவனித்தேன். அவருடைய வலக்கை இன்னும் பொத்தியபடியே இருந்தது. விரித்துக் காட்டினார். அரிசியும் அறுகும் வேர்வையில் ஊறி உள்ளங்கையில் ஒட்டியிருந்தன.

"இதை என்ன செய்யிறது பிள்ளை?"

 அவர் அதை ஒரு கடுதாசியில் சுற்றி வைத்தார்.

இனி நான் சொல்ல வேண்டியதைத்தான் இவ்வளவு நேரமும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருக்கும். ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள். மருந்துத் துண்டுகளோடு வந்தவர்கள் கடை முழுக்க நின்றார்கள். என்னோடு வேலை செய்யும் பிள்ளை அன்று வரவில்லை. நான் தனியே ஓடிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து கண்ணாடி அலுமாரியின் ஓரமாக, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றதைக் கண்டேன். ஒரு கையால் மற்றத் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. வெயிலுக்குள் நடந்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"பொறுங்கோ அக்கா, இந்தா வாறன்" என்றேன்.

"அவசரமில்லைப் பிள்ளை. நீங்கள் அவையளைப் பாருங்கோ."

நான் அவையளைப் பார்த்தேன். ஒருவருக்குச் சீனி வருத்தக் குளிசை, ஒருவருக்குப் பிள்ளையின் இருமல் பாணி, ஒருவருடைய துண்டில் எழுத்து விளங்கவில்லை, டொக்டருக்குப் போன் எடுத்தேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது அக்கா சிரித்தார். நானும் தலையாட்டினேன். இருபது நிமிடமாவது போயிருக்கும். அவர் எப்போதும் காத்திருப்பவர்தானே. வேறு யாரும் அப்படி நின்றிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

"பிள்ளை, இந்த அம்மாவுக்கு என்னவோ செய்யுது" என்று யாரோ கத்தினார்கள்.

அலுமாரியில் சாய்ந்து மெல்ல மெல்ல நிலத்தில் சரிந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், ஆட்கள் இருப்பதற்கென்று போட்ட பிளாஸ்டிக் கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது. என்னைக் கேட்க முடியாதபடியால் அவர் அதில் இருக்கவில்லை.

ஓட்டோவில் அவருடைய தலை என் மடியில் கிடந்தது. "கடையைத் திறந்துபோட்டு வந்திட்டியளே, ஏசப்போகினம்" என்றார். நான் கதைக்க வேண்டாம் என்றேன். அதற்கும் சரி என்று கதைக்காமல் விட்டார். ஆஸ்பத்திரியில் டொக்டர் நெஞ்சு நோ எப்போது தொடங்கியது என்று என்னைக் கேட்டார்.  பொழுதுபடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தர்சி மட்டக்களப்பிலிருந்து நான்கு மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். அக்கா அந்தப் பிள்ளையைப் போனில் வந்த படத்தில் மட்டும்தான் கண்டிருந்தார். செத்த வீட்டில் தங்கச்சி, "அக்கா, என்ரை அக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தர்சி காலடியில் இருந்து, "பெரியம்மா, பெரியம்மா" என்று அழுதாள். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி, "இப்பவாவது அம்மா எண்டு சொல்லன் பிள்ளை" என்றாள். தர்சி வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. மறுபடியும் பெரியம்மா என்றுதான் அழுதாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், பின்னறையை ஒதுக்கிக் கொடுக்க நானும் அவளும் போனோம். ஆறு சேலை, இரண்டு சட்டி, ஒரு பாஸ்போட், ஒரு சோடி செருப்பு. குழந்தை பாயில் நித்திரை. தர்சி சேலைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா உங்களட்டை என்ன சொன்னவ?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடையில் வந்து நின்றதை, நான் பொறுங்கோ என்றதை, இருபது நிமிடத்தை, பக்கத்தில் கிடந்த கதிரையை எல்லாம் சொன்னேன். "அவசரமில்லைப் பிள்ளை எண்டவ" என்றேன். அவள் என்னை ஏச வேண்டும் என்று நினைத்தேன். ஏசினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தர்சி கையிலிருந்த சேலையை மடியில் வைத்தாள்.

"அதுக்கு ஒரு கிழமைக்கு முந்தி எனக்குப் போன் எடுத்தவ. பிள்ளையைப் பாக்க வரலாமோ எண்டு கேட்டவ. மாமியாக்கள் வந்து நிக்கினம், இடம் காணாது, வாற மாதம் வாங்கோ, பொறுங்கோ எண்டனான்."

"என்ன சொன்னவ?"

"அவசரமில்லை எண்டவ."

குழந்தை சிணுங்கியது. இரண்டு பேரும் உடனே எழும்பவில்லை. பிறகு தர்சி போய்த் தூக்கினாள்.  இப்போதும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போன் எடுப்பாள். மகனைப் பற்றிச் சொல்லுவாள், என் அம்மாவின் சுகம் கேட்பாள். அதைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டோம்.

நான் இன்னும் அதே பார்மசியில்தான் வேலை செய்கிறேன். எவ்வளவு சனம் நின்றாலும், ஓரமாகப் பேசாமல் நிற்கும் ஒருவரைக் கண்டால் கையிலுள்ளதை வைத்துவிட்டு அவரிடம் போய் என்ன செய்யுது என்று முதலில் கேட்பேன். முன்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முதலாளியும் இரண்டொரு தடவை ஏசியிருக்கிறார். அப்படி நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் உடம்புக்கு ஒன்றும் செய்வதில்லை. மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள்.